மூங்கில் பூத்த மலை

மிசோரத்தில் 15 லட்சம் ரூபாய் நிவாரணம் கேட்டு எழுதப்பட்ட மனுவுக்கும் முதல் துப்பாக்கி வேட்டுக்கும் இடையே எட்டு வருடம்கூட இல்லை. அங்கிருந்து திரும்பி வர 20 வருடம் பிடித்தது.

சில்சாரில் ஆள் சேர்ந்ததும் கிளம்பும் சுமோ, தேயிலைத் தோட்டங்களையும் வயல்களையும் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு தடுப்புக் கம்பத்தின் முன் நிற்கிறது. ஊர் பெயர் வைரெங்டே. அசாம் முடிந்து மிசோரம் தொடங்குவது இங்கேதான். வெளியூர்க்காரர்கள் இறங்கி 'இன்னர் லைன் பெர்மிட்'டை நீட்ட வேண்டும். 1873-இல் ஆங்கிலேயர் போட்ட விதி இது. சமவெளிக்காரர்களையும் மலைக்காரர்களையும் தள்ளிவைக்க அன்று போட்டது. இன்று மிசோக்கள் விட்டுத்தர மறுக்கும் உரிமை. போலீஸ்காரர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். சுமோ மீண்டும் ஏறுகிறது.

வைரெங்டேவுக்கு இன்னொரு புகழும் உண்டு. இந்திய ராணுவத்தின் காட்டுப் போர்ப் பயிற்சிப் பள்ளி 1970-லிருந்து இங்கே இருக்கிறது. கொரில்லாவுடன் கொரில்லாவைப் போலவே போரிடு என்பது பள்ளியின் கொள்கை. அமெரிக்க வீரர்கள்கூட வந்து பயின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மலையை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கான விடை பள்ளியின் வேலிக்கு வெளியே, சாலையின் இருபுறமும், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நிற்கிறது. மூங்கில். பத்தடி உள்ளே போனவனைச் சாலையில் நிற்பவனால் பார்க்க முடியாது.

இந்த மலையின் சண்டை தொடங்கியதும் அந்த மூங்கிலில்தான்.

தமிழர்களுக்கு 12 வருடங்களுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்தால் அது கொண்டாட்டம். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் கூட்டம் போகும். மூங்கில் பூத்தால் அதன் அரிசியை மலைவாசிகளிடம் தேடி வாங்கிச் சமைக்கிறவர்களும் உண்டு. மிசோ மலையில் மூங்கில் பூத்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். இங்கே அதிகம் வளரும் இனத்துக்கு 'மவுதாக்' என்று பெயர். ஏறத்தாழ 48 வருடங்களுக்கு ஒருமுறை, மலை முழுக்க ஒரே சமயத்தில் பூத்து, காய்த்து, அப்படியே பட்டுப்போகும். காய் ஒவ்வொன்றும் பேரிக்காய் அளவு இருக்கும். காட்டின் தரை முழுவதும் கொட்டிக்கிடக்கும் அந்தக் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீரும்போது ஜூம் நிலத்தில் நெல் முற்றியிருக்கும். காட்டை வெட்டி எரித்துச் செய்யும் இந்த மலைப்புனச் சாகுபடியில் வருடத்துக்கு ஒரே விளைச்சல்தான். எலிப்படை ராத்திரியில் இறங்கும். மாலையில் கதிரைப் பார்த்துவிட்டுப் போனவர் காலையில் வெறும் தட்டையைப் பார்ப்பார்.

இதற்கு மிசோக்கள் வைத்த பெயர் 'மவுதாம்'. மவு என்றால் மூங்கில். தாம் என்றால் சாவு, பஞ்சம். 1861-இல் வந்தது. 1911-இல் வந்தது. அதைச் சிறுவர்களாக இருந்து பார்த்தவர்கள் 1958-இல் அய்ம்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள். அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

தலைமுறைக் கணக்கும் தலைநகர்க் கணக்கும்

அன்று மிசோரம் என்று ஒரு மாநிலம் இல்லை. அசாமின் ஒரு மாவட்டம். லுஷாய் மலை மாவட்டம் என்ற பழைய பெயர் 1954-இல்தான் மிசோ மாவட்டம் என்று மாறியிருந்தது. தலைநகரம் ஷில்லாங். உள்ளூரில் ஒரு மாவட்டக் கவுன்சில், அதில் மிசோ யூனியன் கட்சி பலமாக இருந்தது. மிசோ யூனியன் இந்தியாவோடு இருக்க விரும்பிய கட்சி. பழைய ஊர்த்தலைவர்களின் அதிகாரத்தை எதிர்த்து வளர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1958-இல் இந்த மலையில் துப்பாக்கி எடுக்கக் காத்திருந்த கூட்டம் எதுவும் இல்லை.

1958 அக்டோபர் 29 அன்று மாவட்டக் கவுன்சில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மூங்கில் பூக்கத் தொடங்கிவிட்டது, அடுத்த வருடம் பஞ்சம் வரும், முன்னேற்பாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் கொடுங்கள் என்று அசாம் அரசைக் கேட்டது. ஷில்லாங்கில் கோப்பைப் பார்த்தவர்கள் படித்தவர்கள். மூங்கில் பூப்பதற்கும் பஞ்சத்துக்கும் என்ன சம்பந்தம்? பழங்குடி மக்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் 1911 பஞ்சத்தை நேரில் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் அதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

1959-இல் எலிகள் வந்தன. எலி வாலுக்கு 40 காசு என்று பரிசு அறிவித்தார்கள். 20 லட்சத்துக்கு மேல் எலிகள் கொல்லப்பட்டன. அப்படியும் பயிர் தங்கவில்லை. ஜனங்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். நிவாரணம் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. வந்த அரிசியும் சில்சார் சாலையோடு நின்றது. அதற்கு அப்பால் கிராமங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் லால்தெங்கா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு மாவட்டக் கவுன்சில் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நன்றாகப் பேசுவார். 1955-இல் தொடங்கிய மிசோ கலாசார சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கம் 1960-இல் 'மவுதாம் முன்னணி' ஆகி, அதே வருடம் செப்டம்பரில் 'மிசோ தேசியப் பஞ்ச முன்னணி' ஆனது. பையன்கள் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, நாள் கணக்கில் மலை ஏறி இறங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அரசாங்கம் வராத ஊருக்கு அவர்கள் வந்தார்கள். பின்னால் இவர்களைத் தேடி ராணுவம் அதே பாதைகளில் அலைந்தபோது, எந்த வீட்டில் சோறு கிடைக்கும், எந்த வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

1961 அக்டோபர் 22 அன்று பெயரிலிருந்து 'பஞ்சம்' உதிர்ந்தது. மிசோ தேசிய முன்னணி, சுருக்கமாக எம்.என்.எஃப்., அரசியல் கட்சியாகப் பிறந்தது. லால்தெங்கா தலைவர். கோரிக்கை தனி நாடு.

பஞ்சம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பாதிக் கதைதான். 1960-இல் அசாம் சட்டமன்றம் அசாமிய மொழியை ஆட்சிமொழி ஆக்கியது. மொழிச் சட்டம் ஒன்று ஒரு மக்களை எப்படிச் சுடும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மிசோ எழுத்தே 1894-இல் வந்த லோரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் ரோமன் லிபியில் அமைத்துக் கொடுத்தது. இரண்டு தலைமுறைக்குள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட சமூகம் அது. மலை மாவட்டங்கள் எல்லாம் கொதித்தன. ஆனால் அப்போதும் பெரும்பாலான தலைவர்கள் கேட்டது இந்தியாவுக்குள் ஒரு மலை மாநிலம். அதையாவது அன்று கொடுத்திருக்கலாம். மிதவாதிகள் ஒவ்வொரு முறை ஷில்லாங்கிலிருந்தும் டில்லியிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பியபோதும் லால்தெங்காவின் கூட்டத்துக்கு ஆள் கூடியது.

வாசல்கள் இன்னும் முழுவதும் மூடவில்லை. 1963 இடைத்தேர்தலில் எம்.என்.எஃப். போட்டியிட்டு இரண்டு இடங்களில் ஜெயித்து அசாம் சட்டமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அதே காலத்தில் லால்தெங்கா ரகசியமாகக் கிழக்குப் பாகிஸ்தான் போய்வந்தார். திரும்பும்போது பிடிபட்டார். முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிகா அவரிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு விடுவித்தார். மலை மாநிலம் கேட்கும் மிதவாதிகளை மட்டம் தட்ட எம்.என்.எஃப். உதவும் என்று அவர் நினைத்தார் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். அப்படி நினைத்திருந்தால், நம் நாட்டு அரசியலில் அந்தக் கணக்கைப் போட்ட முதல் ஆளும் அவரல்ல, கடைசி ஆளும் அவரல்ல.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அசாம் ரெஜிமென்டின் இரண்டாவது பட்டாலியனிலிருந்து வெளியேற்றப்பட்ட மிசோ வீரர்கள் வேலையும் கவுரவமும் இழந்து ஊர் திரும்பினார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள். தொண்டர் படை பட்டப்பகலில் அணிவகுத்தது. எல்லைக்கு அப்பால் ஆயுதமும் பயிற்சியும் கிடைத்தன. 1965 அக்டோபர் 30 அன்று எம்.என்.எஃப். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் மனுக் கொடுத்தது. பாகிஸ்தானுடன் போர் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த நேரம். ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இந்திரா காந்தி பதவியேற்று அய்ந்தே வாரம் ஆகியிருந்தபோது, பிப்ரவரி 28 நள்ளிரவு, மிசோ மலையில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன.

சனிக்கிழமை சந்தை

அய்ஸால் ஒரு முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல். இடமில்லாததால் வீடுகள் சரிவில் தொங்குகின்றன: சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, கீழேயிருந்து பார்த்தால் அய்ந்து மாடி. குறுகலான தெருவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு வரிசை போல நிற்கின்றன. ஒருவரும் முந்துவதில்லை, ஹாரன் அடிப்பதில்லை. சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ வருகிறவர்களுக்கு அந்த நிசப்தமே ஒரு அதிசயம். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கதவடைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போய்விடும். சனிக்கிழமைதான் சந்தை. தாவ்ர்புய் பக்கம் இறங்கும் பெரிய பஜாரில் கீரையும் இஞ்சியும் உயிர்க்கோழியும் புழுங்கிய மூங்கில் குருத்தும் விற்கும் பெண்கள் விடியற்காலையிலேயே துணி விரித்துவிடுகிறார்கள்.

1966 மார்ச் 5-உம் சனிக்கிழமைதான்.

அதற்கு அய்ந்து நாள் முன்பு எம்.என்.எஃப். தன் தாக்குதலைத் தொடங்கியிருந்தது. 'ஆபரேஷன் ஜெரிகோ' என்று பெயர். தமிழ் பைபிளின் எரிகோ: யோசுவாவின் ஆட்கள் எக்காளம் ஊத மதில் விழுந்த ஊர். கிறிஸ்தவர்கள் நிறைந்த மலையில் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சம்பாயில் அசாம் ரைஃபிள்ஸ் முகாமைத் தூக்கத்தில் பிடித்து ஆயுதங்களை அள்ளினார்கள். லுங்லேயில் முகாமைச் சூழ்ந்துகொண்டார்கள். அய்ஸாலில் அரசுக் கருவூலம் கொள்ளை போனது; மாவட்ட அதிகாரி ஊர் நடுவே இருந்த அசாம் ரைஃபிள்ஸ் முகாமுக்குள் தஞ்சம் புகுந்தார். மார்ச் 1 அன்று சுதந்திரப் பிரகடனம்; 61 பேர் கையெழுத்து. மறுநாள் மாவட்டம் கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட்டு ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரம் வந்தது. அய்ஸால் முகாம் மட்டும் விழவில்லை. ஹெலிகாப்டரில் ஆளும் பொருளும் இறக்கப் பார்த்தார்கள். கீழேயிருந்து சுட்டதில் இறக்க முடியவில்லை.

மார்ச் 5 காலை, பதினொன்றரை மணி வாக்கில், விமானப்படையின் போர் விமானங்கள் வந்தன. முதலில் எந்திரத் துப்பாக்கி, பிறகு எரிகுண்டுகள். ரிபப்ளிக் வெங், தாவ்ர்புய் வெங், சிங்கா வெங் என்று பேட்டை பேட்டையாகத் தீப்பிடித்தது. 'வெங்' என்றால் பேட்டை. மூங்கிலும் மரமும் வைத்துக் கட்டிய வீடுகள். காற்று வீசும் முகடு. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிக் காட்டுக்குள் ஓடினார்கள். பஜார் சாம்பலானது. ஊர் காலியாகியிருந்ததாலும், பள்ளத்தாக்குகளில் ஒளிய இடம் இருந்ததாலும் உயிர்ச்சேதம் குறைவு என்பார்கள். 13 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்த நாட்களில் ராணுவம் அய்ஸாலுக்குள் நுழைந்தது.

சொந்த நாட்டு ஊரின்மீது இந்திய விமானப்படை குண்டு வீசியது அந்த ஒரு முறைதான். ஆனால் அன்று அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. விமானங்கள் ஆட்களையும் பொருட்களையும் போடத்தான் அனுப்பப்பட்டன என்று பிரதமர் சொன்னதாகக் கல்கத்தாப் பத்திரிகை அச்சிட்டது. ஸ்டான்லி நிக்கல்ஸ்-ராய், ஹூவர் ஹின்னியெவ்தா என்ற இரண்டு மலைப்பகுதி எம்.எல்.ஏ.க்கள் நேரில் போய் விசாரித்து வந்து அசாம் சட்டமன்றத்தில் பேசினார்கள். குண்டு வீசியதைவிட அதை மறுத்ததுதான் அதிகம் வலித்தது என்று இந்த ஊரில் சொல்வது உண்டு. வீடு எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தவனிடம் வீடு எரியவில்லை என்று சொன்னால், அடுத்து அரசாங்கம் சொல்லும் எதை அவன் நம்புவான்? மிசோ யூனியன்காரர்கள், இந்தியாதான் வேண்டும் என்று சொல்லி அடி வாங்கியவர்கள், அந்த மார்ச்சில் வாயடைத்துப் போனார்கள்.

அந்த அசாம் ரைஃபிள்ஸ் முகாம் ஊர் நடுவிலேயே இருந்தது. விரிந்து கிடந்த ஒரே சமநிலம் அதன் மைதானம்தான். அதை நகருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டு பழையது. 2025 மார்ச்சில்தான் அந்த நிலம் மாநில அரசுக்குக் கைமாறியது.

காவலுக்குள் கிராமங்கள்

மிசோ மொழியில் அந்த 20 வருடத்துக்கு 'ரம்புவாய்' என்று பெயர். நாடு கலங்கிய காலம். அதில் குண்டு வீச்சு சில நாள் விஷயம். கிராமங்களைக் கூட்டியது வருடக் கணக்கில் நடந்தது. வயதானவர்கள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்று கவனித்தால், இதைப் பற்றித்தான்.

1967 ஜனவரியில் அது தொடங்கியது. மலாயாவில் ஆங்கிலேயர் செய்ததைப் பார்த்து எடுத்த திட்டம். கொரில்லாவுக்குச் சோறு போடும் கிராமம் இல்லாவிட்டால் கொரில்லா இல்லை என்பது கணக்கு. முதலில் வைரெங்டேயிலிருந்து லுங்லேய்வரையுள்ள நெடுஞ்சாலையை ஒட்டி, 106 கிராமங்களை 18 முகாம்களுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று சுமோக்காரர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும் கொலாசிப் அவற்றில் ஒன்று. முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் 'பாதுகாக்கப்பட்ட முற்போக்குக் கிராமங்கள்'. படிப்படியாக 516 கிராமங்கள் காலி செய்யப்பட்டு 110 இடங்களில் அடைக்கப்பட்டன. தொடப்படாமல் மிஞ்சியவை 138. கிராம ஜனத்தொகையில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் சொந்த ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டார்கள்.

பெயர்க்கும் விதம் ஒன்றுதான். விடியுமுன் ராணுவம் ஊரைச் சூழும். தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. மிச்சத்தைத் தீ தின்னும். குதிரில் இருக்கும் நெல்லும் சேர்த்து. பிறகு முள்வேலி, அடையாள அட்டை, இரவில் ஊரடங்கு, காலையில் வயலுக்குப் போகப் பாஸ், மாலையில் தலை எண்ணிக்கை. ஜூம் நிலமோ பழைய ஊரின் பக்கத்தில், நடந்தால் பாதி நாள். சாகுபடி விழுந்தது. எலி தின்றதால் பஞ்சம் பார்த்த ஜனங்கள் எட்டே வருடத்தில் ரேஷன் வரிசையில் நின்றார்கள்.

மிசோரத்தில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி வி.எஸ். ஜாஃபா பின்னாளில் ஒரு ராணுவ அதிகாரியின் வாக்குமூலத்தை எழுதியிருக்கிறார். டார்ஸோ என்ற கிராமத்தைக் காலி செய்து எரித்த பிறகு, நாங்களாகவே பாதுகாப்புக் கேட்டு வந்தோம், ஊரை எரித்தது எம்.என்.எஃப். என்று கிராமத் தலைவர்களிடம் துப்பாக்கி முனையில் கையெழுத்து வாங்கியதை அந்த அதிகாரி வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. எம்.என்.எஃப். ஆட்கள் துப்பறிந்து சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் சொந்த மிசோக்களைக் கொன்றார்கள். மிசோ யூனியன்காரர்கள் குறிவைக்கப்பட்டார்கள். 1975 ஜனவரியில் அய்ஸால் போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே நுழைந்து ஐ.ஜி. உட்பட மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக்கொன்றார்கள். 1979-இல் மிசோ அல்லாதவர்கள் வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ் விட்டார்கள். ஒரு கட்டத்தில், இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் நிற்கும் கிராமத்தானுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

திரும்பிய பாதை

1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேஷ் ஆனதும் எம்.என்.எஃப்.பின் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவர் விழுந்தது. முகாம்கள் பர்மாவின் அராக்கான் காட்டுக்கு நகர்ந்தன. லால்தெங்கா பாகிஸ்தான் போய், பிறகு ஐரோப்பா போனார். 1972 ஜனவரியில் மிசோரம் யூனியன் பிரதேசம் ஆனது. பத்து வருடம் முன்பு கேட்டதில் பாதி.

பேச்சுவார்த்தை 1976-இல் ஒப்பந்தம்வரை வந்து உடைந்தது. அதற்குப் பிறகும் பேசினார்கள், மறுபடி உடைந்தது. அதை விடாமல் ஒட்டவைத்தவர்கள் சபையார்கள். வடக்கே பிரெஸ்பிடீரியன், தெற்கே பாப்டிஸ்ட் சபைத் தலைவர்கள் கலகத்தின் முதல் வருடத்திலிருந்தே இரு தரப்போடும் பேசிக்கொண்டிருந்தார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பிரிகேடியர் டி. சைலோ மனித உரிமைக் குழு ஒன்றைத் தொடங்கி, ராணுவ அத்துமீறல்களைப் பட்டியல் போட்டு, பின்பு முதலமைச்சரும் ஆனார். துப்பாக்கி இல்லாமலும் கேட்கலாம், கேட்டால் காதில் விழும் என்ற நிலை அவர் காலத்தில்தான் மெல்ல மெல்ல வந்தது.

1986 ஜூன் 30 அன்று டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உள்துறைச் செயலாளர் ஆர்.டி. பிரதான் பணி ஓய்வு பெறும் நாளும் அதுவே. காங்கிரஸ் முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா தன் நாற்காலியை லால்தெங்காவுக்கு விட்டுக்கொடுத்துத் துணை இடத்துக்கு இறங்கினார். இந்திய அரசியலில் அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. காட்டிலிருந்தவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்தார்கள். 1987 பிப்ரவரி 20 முதல் மிசோரம் நாட்டின் 23-ஆவது மாநிலம். நிலவுரிமைக்கும் மிசோ வழக்குச் சட்டத்துக்கும் அரசியல் சட்டத்தின் 371ஜி பிரிவு காவல். லால்தெங்காவின் ஆட்சி முழுப் பதவிக்காலமும் நீடிக்கவில்லை. கட்சித் தாவலில் கவிழ்ந்தது. ஆனால் அவர் காட்டுக்குத் திரும்பவில்லை. எதிர்க்கட்சியில் உட்கார்ந்தார். 1990 ஜூலையில் லண்டனில் இறந்தார்.

அவரது செயலாளராகக் காட்டில் இருந்த சோரம்தங்கா 1998-இல் முதலமைச்சர் ஆனார். இங்கேதான் மூங்கில் மறுபடி கதைக்குள் வருகிறது. 2006, 2007-இல் மவுதாக் பூத்தது. பஞ்சத்தில் பிறந்த கட்சி கோட்டையில் இருக்கும்போது பஞ்சம் கதவைத் தட்டியது. இந்த முறை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. வருடக் கணக்கில் முன்னதாகவே தனித் திட்டம் போட்டு, டில்லியிடம் பணம் வாங்கி, எலி வாலுக்கு இரண்டு ரூபாய் விலை வைத்தார்கள். பட்டினிச் சாவுகளின் பழைய கதை திரும்பவில்லை. ஆனால் நெல் போனது. பணம் எங்கே போனது என்று விவசாயிகள் கேட்டார்கள். 2008 தேர்தலில் எம்.என்.எஃப். 40 தொகுதிகளில் மூன்றில் மட்டும் ஜெயித்தது. சோரம்தங்கா நின்ற இரண்டு தொகுதிகளிலும் தோற்றார். கோபம் இம்முறை வாக்குப் பெட்டிக்குள் போனது.

கேட்கிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு வந்த பிறகு மிசோக்களும் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. மேற்கு எல்லையில் வாழும் புரூ மக்கள் தங்களுக்கும் ஒரு தன்னாட்சிக் கவுன்சில் கேட்டார்கள். அய்ஸால் மறுத்தது. 1997-இல் மோதல் வெடித்து 30,000-க்கு மேற்பட்ட புரூக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். அவர்களிடையேயும் ஓர் ஆயுதக் குழு முளைத்தது. முகாம்களிலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2020 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம் அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்தியது. சொந்த மலைக்குத் திரும்புவதற்கு அல்ல.

கிழக்கே நெடுஞ்சாலையில் சேலிங் பக்கம் ஆளில்லாக் கடைகள் இருக்கின்றன. மூங்கில் தட்டியில் காய்கறி, பழரசப் பாட்டில். விலை எழுதிய அட்டை. பணம் போட ஒரு டப்பா. கடைக்காரர் வயலில் இருப்பார். இதே சாலை வழியாகத்தான் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பின் பர்மாவின் சின் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2023 மே மாதத்துக்குப் பிறகு மணிப்பூரிலிருந்து குக்கி-சோ குடும்பங்கள் வந்தன. மணிப்பூரில் மே 3 அன்று மலை மாவட்டங்களில் மாணவர்கள் நடத்திய ஊர்வலத்தோடு தொடங்கிய கலவரம், அன்று மாலையே வீடுகளைக் கொளுத்தியது. சில நாட்களில் போலீஸ் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. 250-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், 60,000 பேர் வீடிழந்தார்கள். மிசோ மலையில் எட்டு வருடம் பிடித்த தூரத்தை அங்கே ஒரே வாரத்தில் கடந்தார்கள். வந்தவர்களுக்கு அய்ஸாலில் சபைகளும் இளைஞர் சங்கங்களும் அரிசி திரட்டின. கேட்டால், எங்களுக்கும் ரம்புவாய் இருந்தது என்பதுதான் பதில்.

2025 செப்டம்பரில் அய்ஸாலுக்கு அருகே சாய்ராங்வரை ரயில் வந்துவிட்டது. பைராபியிலிருந்து 51 கிலோமீட்டர், முழுக்கச் சுரங்கமும் பாலமும். 1959-இல் சில்சார் சாலையோடு நின்ற அரிசி இனி வேகன் வேகனாக வரலாம். பாதையின் இருபுறமும் நிற்கும் மூங்கில்கள் 2007-இல் உதிர்ந்த விதையில் முளைத்தவை. இருபது வயதுகூட ஆகாதவை. வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். அடுத்து பூப்பது 2054 வாக்கில் என்று பெரியவர்கள் இப்போதே கணக்குச் சொல்கிறார்கள்.